பொன்னின் விலையும் கையின் கூலியும்

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குளோங் தோம் என்னும் ஊரில், பழம் பட்டினம் ஒன்றின் எச்சங்களிடையே சிறிய கல் ஒன்று கிடைத்தது. அதன் மேல் பழந்தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது என்றும், கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் கல்வெட்டறிஞர் கணித்துள்ளனர். பொற்கொல்லரைப் 'பத்தர்' என அழைக்கும் வழக்கு தமிழகத்தில் இன்றும் உண்டு. எனவே, 'பெரும்பதன்' என்பது தலைமைப் பொற்கொல்லன் ஒருவனைக் குறிக்கும் என்று கொள்வது பொருத்தமே.

இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை நோக்கிச் சென்றது 1025ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகட்கு முன்பே, வாளேந்திய வீரனாக அன்றி உரைகல் ஏந்திய தொழிலாளியாகத் தமிழன் ஒருவன் இத்தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழ்ந்திருக்கிறான். அதே கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தால் பண்டைக் கடாரமாகிய கெடாவும், அதற்கு எதிரே பினாங்குத் தீவும் உள்ளன. பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் தமிழ்ப் பொற்கொல்லர் பட்டறை அமைத்ததை, அப்பெரும்பதன் தொடங்கி வைத்த நெடிய வரலாற்றின் பிற்கால அத்தியாயம் எனலாம். அவ்வத்தியாயம் எவ்வாறு முடியும் என்பது, நகையை வாங்குவோர் அதைச் செய்த கைக்கு என்ன கொடுக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

கல்லில் எழுதிய கூலி

தமிழ் இலக்கியத்தில் பொற்கொல்லர்க்கு வாய்த்த இடம் இருவகைப்பட்டது. சிலப்பதிகாரத்தின் கதை ஓர் அணிகலனைச் சுற்றியே சுழல்கிறது. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கப் பரல் இருந்ததும், பாண்டிமாதேவியின் சிலம்பினுள் முத்துப் பரல் இருந்ததும் நீதியை நிலைநாட்டின. ஒரு பொற்கொல்லனின் வஞ்சம் கோவலன் உயிரைப் பறித்தது. அதற்குக் கழுவாயாகப் பொற்கொல்லர் ஆயிரவரை வெற்றிவேற்செழியன் பலியிட்டான் என்றும் அக்காப்பியம் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஒரு தொழிலே பழி சுமந்த அச்செய்தியைக் கற்போர், அச்சிலம்பைப் பரலிட்டுச் செய்த கையும் ஒரு பொற்கொல்லன் கையே என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது.

கல்வெட்டுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த பொன்னணிகளின் எடையும், அவற்றில் பதித்த மணிகளின் எண்ணிக்கையும் சுவர்களிலும் தூண்களிலும் விரிவாகப் பொறிக்கப்பட்டன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகளை நிறுக்கத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லும் பயன்பட்டன. அக்கோயிலில் பணிபுரிந்தோர்க்கு வகுத்த பங்குகளும் அங்கேயே எழுதப்பட்டுள்ளன. ஒரு பங்கு என்பது ஆண்டிற்கு நூறு கலம் நெல். ஆடல் மகளிர்க்கும் இசைவாணர்க்கும் கணக்கர்க்கும் மட்டுமன்றித் தச்சர்க்கும் தட்டார்க்கும் அவ்வாறே பங்கு வரையறுக்கப்பட்டிருந்தது. நகையின் எடையைப் பொறித்த உளி, கைவினைஞரின் ஊதியத்தையும் பொறித்தது என்பது கருதத்தக்கது.

ஆயினும், ஊதியம் வரையறுக்கப்பட்டதனால் மதிப்பும் உடன் வந்துவிட்டதாகக் கொள்ளவியலாது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப் பெயரால் வெளியிடப்பட்ட கொங்கு நாட்டுச் சாசனம் ஒன்று, கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது செருப்பணியவும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசவும் உரிமை வழங்குகிறது. இவ்வுரிமைகளை அரசாணையால் வழங்க வேண்டியிருந்தது என்பதே, அதுவரை அவை மறுக்கப்பட்டிருந்தன என்பதற்குச் சான்று. எனவே, கைவினைஞர் வரலாற்றில் கூலி, மதிப்பு ஆகிய இரண்டையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

தீவுக்கு வந்த பட்டறை

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வரியில்லாத் துறைமுகம் என்னும் சிறப்பினால் பல நாட்டினரும் அங்கே குடியேறினர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம் வணிகர் பெயரால் சூலியா தெரு அமைந்தது. 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் எழுந்தன. மார்க்கெட் தெருவைத் தமிழர் 'கடைத்தெரு' என்றே வழங்கினர். பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் பெருகின. வட்டிக்கடையும் துணிக்கடையும் மளிகைக்கடையும் சூழ்ந்த இப்பகுதியில் பொற்கொல்லர்க்கும் இடம் கிடைத்தது. திருமணம் உள்ள இடத்தில் தாலி வேண்டும். தாலி வேண்டுமாயின் தட்டார் வேண்டும்.

தாலி என்பது தமிழர் எல்லார்க்கும் ஒரே வடிவினதன்று. ஊருக்கும் குலத்திற்கும் ஏற்ப அதன் உருவம் மாறும். எந்தக் குடும்பத்திற்கு எவ்வடிவம் உரியது என்பதை ஏட்டில் எழுதி வைத்தவர் சிலர். நெஞ்சில் எழுதி வைத்தவர் பொற்கொல்லர். கடல் கடந்து வந்து, ஊரின் பெயரையே பேரப்பிள்ளைகள் மறந்த குடும்பங்களிலும் தாலியின் வடிவம் மாறாமல் நின்றதற்கு அந்நினைவாற்றல் ஒரு காரணமாகும்.

பினாங்கின் பொற்பணிக்குத் தமிழர் மட்டுமே வாடிக்கையாளர் ஆகவில்லை. மலாய் மரபையும் சீன மரபையும் இணைத்து வாழ்ந்த பெரானாக்கான் குடும்பத்துப் பெண்டிர், கெபாயா என்னும் மேலாடையைப் பொத்தானின்றி 'கெரோசாங்' எனப்படும் மூன்று ஊசியணிகளால் இணைத்து அணிந்தனர். பட்டை தீட்டிய சிறு வைரங்களைப் பொன்னில் பதித்துச் செய்யும் அவ்வணிகளைச் சீனக் கைவினைஞரோடு இந்தியக் கைவினைஞரும், இலங்கையினின்று வந்த சிங்களக் கைவினைஞரும் செய்து கொடுத்தனர். துக்க காலத்தில் பொன்னையும் வைரத்தையும் விலக்கி வெள்ளியும் முத்தும் அணிவது அம்மகளிர் வழக்கம். ஓர் இனத்தின் துக்க முறையை மற்றோர் இனத்தின் கைவினைஞன் அறிந்து அதற்கேற்ப அணி செய்து கொடுத்தான் என்பது, பல இனம் வாழும் நாட்டின் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

சர்ச் தெருவில் உள்ள பெரானாக்கான் மாளிகையில் இத்தகைய அணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 2024 திசம்பரில் மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் கெபாயா, யுனெசுகோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும், பழைய கெரோசாங்குகளை அணிந்த குடும்பங்களின் பெயர் தெரிந்த அளவிற்கு அவற்றைச் செய்தவர்களின் பெயர் தெரிவதில்லை. உரைகல்லில் தன் பெயரைப் பொறித்த பெரும்பதனுக்குக் கிடைத்த பேறு அவன் வழித்தோன்றல்களுக்குக் கிடைக்கவில்லை.

மூவகை உறவு

பொற்பட்டறை ஒன்றிற்கு இடம் மிகுதியாக வேண்டுவதில்லை. உமி நெருப்பிட்ட ஓடு, ஊதுகுழல், மூசை, கம்பியச்சு, சாவணம், அரம், சிறு சுத்தியல், தராசு, உரைகல் ஆகியவை போதும். பொன்னை உருக்கித் தகடாகவோ கம்பியாகவோ ஆக்கி, வெங்காரமும் பொடியும் இட்டு ஊதிப் பற்றவைத்து, மெருகேற்றி முடிப்பதற்குச் சிறிய நகைக்கும் பல நாள் ஆகும். பட்டறைத் தரையில் விழும் துகளும் வீணாவதில்லை. குப்பையைக் கூட்டி, அரித்து, அதினின்றும் பொன் எடுப்பதுண்டு.

இத்தொழிலில் வாங்குவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே மூவகை உறவுகள் அமைந்தன. முதல் வகையில், வாடிக்கையாளர் தம் பொன்னையே கொண்டுவந்து கொடுப்பார்; பொற்கொல்லர் கூலி பெற்றுக்கொண்டு நகை செய்வார். தாலிக்கு நல்ல நாளில் பொன்னுருக்கும் சடங்கு இவ்வுறவின் உயர்ந்த வடிவம். இங்கே கைவினைஞர்க்கு முதல் தேவையில்லை, நம்பிக்கையே முதல். இரண்டாம் வகையில், நகைக்கடைக்காரர் பொன் கொடுப்பார். பொற்கொல்லர் உருப்படிக் கணக்கில் கூலி பெறுவார். மூன்றாம் வகையில், ஆலையின் எந்திரம் அச்சடித்த நகை கடைக்கு வரும். பொற்கொல்லர்க்கு அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கும் வேலையே எஞ்சும்.

முதல் உறவினின்று மூன்றாம் உறவுக்கு வந்த பயணமே கடந்த நூறாண்டு வரலாறு. முதல் வகையில் வாடிக்கையாளர் கொடுத்த கூலி நேரே கைவினைஞரின் கையில் விழுந்தது. இன்றைய கடைச் சீட்டிலும் எடை, மாற்று, அன்றைய பொன் விலை ஆகியவற்றோடு, மலாய் மொழியில் 'உப்பா' எனப்படும் செய்கூலியும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஆனால், அத்தொகையில் கடையின் வாடகை எவ்வளவு, இலாபம் எவ்வளவு, செய்தவர் பெற்றது எவ்வளவு என்பதை அச்சீட்டு சொல்வதில்லை.

அடிமேல் அடி

பொற்கொல்லர் வாழ்வு எந்திரத்தால் மட்டும் நலியவில்லை, அரசாணைகளாலும் நலிந்தது. 1963 சனவரியில் இந்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையுடைய நகைகளைப் புதிதாகச் செய்யத் தடை விதித்தது. அன்னியச் செலாவணியைக் காப்பது அதன் நோக்கம். தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து வறுமையுற்றன. உயிரை மாய்த்துக் கொண்டோரும் பலர். 14 காரட் விதி சில ஆண்டுகளில் விலக்கப்பட்டதாயினும், 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. பொன்னைக் காக்க முனைந்த சட்டம், பொன்னில் உழைத்த கைகளை எண்ணாது போயிற்று.

அதே 1968இல் மலேசியாவில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுச் சில ஆண்டுகட்கு ஒருமுறை கப்பலேறிச் சென்று வந்த உழைப்பாளர் பலர்க்கு இது பேரிடியாயிற்று. 1969இல் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுக உரிமையையும் இழந்தது. மகனை, மருமகனை, தங்கை மகனை அழைத்து வந்து அருகிருத்தித் தொழில் கற்பிக்கும் பழைய வழி அத்துடன் குறுகியது.

1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்திற்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. அதுவரை அவுன்சுக்கு 35 டாலர் என்றிருந்த விலை, 1980 சனவரியில் 850 டாலரைத் தொட்டது. 2025ஆம் ஆண்டில் 4,000 டாலரையும் கடந்தது. பொன் விலை உயர்ந்தால் பொற்கொல்லர் செழிப்பார் என்பது பலர் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. ஒரு சங்கிலிக்குப் பொன்னின் விலை 100 பங்கு என்றும், கூலி 10 பங்கு என்றும் கொள்க. வாங்குபவர் கொடுப்பதில் பதினொன்றில் ஒரு பங்கு கைவினைஞர்க்குச் சேரும். பொன்னின் விலை 300 ஆகி, கூலி 10 ஆகவே நின்றால், அது முப்பத்தொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மேலும், விலையேற்றத்தால் மலைத்து நிற்கும் வாடிக்கையாளர், பொன்னின் விலையில் பேரம் பேச இயலாமையால் கூலியில்தான் பேரம் பேசுவார். உலகச் சந்தை ஏற்றிய விலையைப் பட்டறைக் கூலியில் குறைத்துக்கொள்ளும் முயற்சி அது.

தொழிலின் இன்னல் கூலியோடும் நிற்கவில்லை. பற்றவைப்புக்குக் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தும் முறை பரவியபோது நகையின் மாற்றுக் குறையாது என்பது நன்மையாகப் பேசப்பட்டது. அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பின்னரே பரவலாக உணரப்பட்டது. அணிபவர்க்குத் தூய பொன். செய்பவர்க்கு நச்சுப் புகை.

ஜார்ஜ்டவுனுக்கே உரிய அடி ஒன்றும் உண்டு. 1948க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தாழ்த்தி வைத்திருந்தது. சிறு தொழிலாளர் பலர் நகரின் நடுவில் நிலைத்திருந்ததற்கு அச்சட்டமே காரணம். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நீங்கியது. வாடகை உயர்ந்தது, குடும்பங்களும் பட்டறைகளும் வெளியேறின. 2008 சூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவிக்கப்பட்டன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, ஆனால், சுவருக்குள் இருந்த தொழில்களின் இடத்தில் விடுதிகளும் காப்பிக்கடைகளும் பெருகின. ஆர்மேனியன் தெருவை ஒக்கியன் சீனர் 'செப்புக்கொல்லர் தெரு' என்னும் பொருளுடைய பெயரால் அழைப்பர். தொழில் மறைந்த பின்னும் பெயர் மட்டும் வாழ்வதற்கு அத்தெரு ஓர் எடுத்துக்காட்டு.

1986இல் தோன்றிய பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை, 2005 முதல் 'வாழும் மரபுச் செல்வர்' என்னும் சிறப்பினை மூத்த கைவினைஞர்க்கு வழங்கத் தொடங்கியது. இது போற்றற்குரியது. ஆனால், பொன்னாடை போர்த்திய பின்னும் பட்டறைக்கு வேலை வர வேண்டும். மறுபுறம், அயல்நாட்டுப் பொற்கொல்லரை வேலைக்கு அமர்த்த 2009 முதல் இருந்த தடையினால் ஆளின்றி வருந்துவதாக இந்தியப் பொற்கொல்லர், நகை வணிகர் அமைப்பினர் அரசிடம் முறையிட்டு வந்தனர். முடிதிருத்தல், துணி வணிகம், பொற்பணி ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிக்க அரசு இணங்கியதாக 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆள் கொணர்வது உடனடித் தேவையைத் தீர்க்கும். உள்நாட்டு இளைஞர் ஏன் அத்தொழிலை நாடவில்லை என்னும் வினாவை அது தீர்க்காது. பல்லாண்டு கற்க வேண்டிய கலைக்குச் சில மாதங்களில் கற்கும் வேலையைவிடக் குறைந்த வருவாய் என்றால், எந்தத் தந்தை தன் மகனைப் பட்டறையில் அமர்த்துவார்?

நியாய வணிகம் சொல்வது

இந்நிலை பினாங்குக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் கைவினைஞர் படும் இன்னலைக் கண்டு தோன்றியதே நியாய வணிகம் என்னும் இயக்கம். 1946இல் எட்னா ரூத் பைலர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, புவெர்ட்டோ ரிக்கோ நாட்டுப் பெண்களின் தையற்பூ வேலைகளை வாங்கித் தம் நாட்டில் விற்கத் தொடங்கினார். அச்சிறு தொடக்கம் பின்னர் 'பத்தாயிரம் சிற்றூர்கள்' என்னும் பொருளுடைய பெயரில் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1989இல் இத்தகு அமைப்புகள் ஒன்றுகூடி அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவின. நியாயமான கூலி, சிறார் உழைப்பின்மை, ஆண் பெண் சமன்மை, பாதுகாப்பான பணியிடம், ஒளிவுமறைவற்ற கணக்கு முதலிய பத்துக் கொள்கைகள் வகுக்கப்பட்டன. கைவினைஞர் கேட்பின் விலையில் பாதியை வட்டியின்றி முன்பணமாகத் தர வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். பொன்னைத் தோண்டும் சிறு சுரங்கத் தொழிலாளரையும் கருத்திற்கொண்டு, 2011இல் நியாய வணிகத் தங்கம் இலண்டனில் விற்பனைக்கு வந்தது.

இக்கொள்கை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. தஞ்சையில் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, 1936இல் வெளியான 'கிராம இயக்கம் ஏன்?' என்னும் பொருளுடைய ஆங்கில நூலில், ஒரு பொருளை வாங்குபவர் அப்பொருள் உருவான முறைக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்று வற்புறுத்தினார். இலங்கைத் தமிழர் மரபில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி, 1909இல் எழுதிய 'இந்தியக் கைவினைஞர்' என்னும் நூலில், சமூகம் கைவினைஞரைத் தாங்கிய முறைகளை விளக்கினார். முன்பணம் தர வேண்டும் என்னும் நியாய வணிக விதியை, வாடிக்கையாளரே பொன் கொண்டுவந்து கொடுத்த பழைய பட்டறை வழக்கோடு ஒப்பிட்டால், இரண்டும் கைவினைஞரைக் கடனுக்கு ஆளாக்காத ஏற்பாடுகள் என்பது விளங்கும்.

ஊரின் பெயரும் கூலிக்குக் காப்பாகலாம். நாகர்கோவிலின் கோயில் நகைகள் இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. வடசேரி முதலிய இடங்களில் செய்யப்படும் அந்நகைகளின் பெயரை வேறு ஊரார் தம் சரக்கின் மேல் ஒட்டிவிட இயலாது.

ஆயினும், முத்திரைகளால் எல்லாம் முடிந்துவிடும் என எண்ணுவதும் பிழை. சான்றிதழ் பெறவும் புதுப்பிக்கவும் பணம் வேண்டும். ஒருவரோ இருவரோ அமர்ந்து உழைக்கும் பட்டறைக்கு அது எளிதன்று. அன்றியும், எந்திர நகையை வாங்குவோர் எல்லாம் இரக்கமற்றவர் அல்லர். மகளின் திருமணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தோட்டத் தொழிலாளி, குறைந்த கூலியுள்ள சங்கிலியை நாடுவதில் குற்றம் காண்பது நேர்மையாகாது. கேட்கத் தக்கது ஒன்றே: வாங்கும் நகைகளுள் ஒன்றையேனும், தாலியையேனும், செய்பவரை அறிந்து செய்வித்துக்கொள்ள இயலாதா என்பது. கடையில் வாங்கினும், இது எங்கே, யாரால் செய்யப்பட்டது, இந்த உப்பாவில் அவர்க்குச் சேர்வது எவ்வளவு என்று வினவ இயலும். பலரும் வினவினால் கடைக்காரரும் விடை வைத்திருக்க வேண்டியவராவார்.

இரண்டு தேர்கள்

தைப்பூசத்தின்போது பினாங்குத் தெருவின் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த இரதம் அது. 2017ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலின் தங்க இரதமும் முதன்முறையாக உலா வந்தது. மக்கள் இலட்சக்கணக்கில் கூடிக் கைகூப்பி நிற்கின்றனர். அத்தேர்களின் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு கொடியும் ஒரு கைவினைஞர் சுத்தியலால் தட்டி எழுப்பியவை. நூறாண்டு கடந்தும் ஒரு சமூகம் தன் தெய்வத்திற்குத் தேர் செய்ய வல்ல கைகளைத் தேடிக் கண்டெடுக்க முடிந்தது என்றால், அக்கைகள் இடைக்காலத்தில் எப்படியோ உணவு பெற்று உயிர் வாழ்ந்தன என்பதே பொருள். இன்னும் நூறாண்டு கழித்து வேறொரு தேர் வேண்டப்படும்போது அவ்வாறு அமையுமா என்பதை இன்றைய கூலியே முடிவு செய்யும்.

வீட்டில் உள்ள பழைய நகை ஒன்றைப் பற்றி வகுப்பறையில் மாணவரை எழுதச் சொல்லும் ஆசிரியர், அதன் எடையையும் விலையையும் மட்டுமன்றி, அதைச் செய்தவர் யார் என்பதையும் பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். பெயர் தெரிந்தால் அது எழுத்தில் ஏறட்டும். தெரியவில்லை எனில், அடுத்து வாங்கும் நகைக்கேனும் அப்பெயரைக் கேட்டறியும் எண்ணம் அம்மாணவர்க்குத் தோன்றும். பொன்னின் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது. அதை மாற்ற ஒரு தனி மனிதரால் இயலாது. கையின் கூலியோ வாங்குபவர் சொல்லால் கூடவும் குறையவும் வல்லது. அதைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பது, தட்டாரின் பங்கைக் கல்லில் எழுதி வைத்த மரபிற்குச் செய்யும் மரியாதையாகும்.